மேசைகள் கிடந்த விதம்

செயல்நிலை ஆய்வு என்ற சொல்லை நான் முதலில் தன்னாமுனையில் நடந்த ஒரு செயலமர்வில் கேட்டேன். ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள ஒரு பிரச்சினையைத் தானே இனங்கண்டு, காரணம் தேடி, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைவை எழுதுவது. சரிவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது. அவ்வளவுதான் என்று ஆசிரிய ஆலோசகர் சொன்னார். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து அதைச் சுற்றி அம்புக்குறிகள் போட்டார். எனக்கு அந்த வட்டம் பிடித்துக்கொண்டது. நான் நீண்ட காலமாக நாட்குறிப்பு எழுதி வருபவள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தால் என்றாவது அதிலிருந்து ஏதாவது தெளியும் என்று நம்புகிறவள். அரசாங்கமே அந்த நம்பிக்கைக்கு ஒரு பெயர் வைத்துத் தந்தது போல இருந்தது.

பக்கத்துக் கதிரையில் எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் இருந்தார். அவருக்குப் பிடிக்கவில்லை.

"ரீச்சர், ஆய்வெண்டா என்ன தெரியுமா? நமக்கு முன்னமே தெரிஞ்ச ஒண்டை, மேல இருக்கிறவங்களுக்கு விளங்காத பாஷையில எழுதிக் குடுக்கிறது."

"அப்ப நீங்க எழுத மாட்டீங்களா?"

"எழுதுவன். சம்பள ஏற்றத்துக்கு வேணுமெண்டுறாங்களே. ஆராவது எழுதினதப் பாத்து எழுதுவன். உங்கட எழுத்து வடிவான எழுத்து. கெதியா எழுதி முடிங்க."

பின்வரிசையில் இருந்த யாரோ, ஆற்றுக்கு அங்கால ஷெல் விழுகிற நேரத்தில் இதுவும் ஒரு கேடா என்று முணுமுணுத்தார். வாவியை நாங்கள் பேச்சில் ஆறு என்றுதான் சொல்வோம். அன்று காலையிலும் அங்கால விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆலோசகர் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாங்களும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருந்தோம்.

எங்கள் பாடசாலை ஆரையம்பதிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கடல் ஊருக்குள் வந்த காலை விடுமுறை நாள்; வகுப்பறைகளில் யாரும் இருக்கவில்லை. பழைய கட்டடத்தில் மேற்குப் பக்கச் சுவரும் மணி தொங்கிய தூணும் மிஞ்சின. என் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் பிறகு வரவில்லை. அவர்களைப் பற்றி நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. இங்கும் எழுதப்போவதில்லை.

மிஞ்சியவர்களை வாவிக்கரைப் பக்கத்தில் இருந்த இன்னொரு பாடசாலைக்குப் பிற்பகல் நேரத்தில் வரச் சொன்னார்கள். காலையில் அவர்கள், பின்னேரம் நாங்கள். முதல் கிழமையே முறைப்பாடு வந்தது. மணல். எங்கள் பிள்ளைகள் தங்கியிருந்த முகாமில் மணல், வரும் வழியெல்லாம் மணல், செருப்பில், பைக்குள், கொப்பியின் நடுப்பக்கத்தில் மணல். "கடற்கரைப் புள்ளையள் போன பிறகு கூட்டினா ஒரு சட்டி மண்" என்று அந்தப் பாடசாலை ஆசிரியை ஒருவர் என் காது கேட்கச் சொன்னார். அன்றைக்கே நான் அந்த வகுப்பறையின் படம் ஒன்றை வரைந்தேன். எந்த மேசை எந்தக் கூரை ஓட்டுக்கு நேரே, எந்தக் கதிரைக்குக் கால் ஆட்டம், அலுமாரிக்கும் முதல் வரிசைக்கும் இடையில் எவ்வளவு தூரம். ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளைகளைக் கொண்டு கூட்டிவிட்டு, அந்தப் படத்தை வைத்து எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுத்தான் போவேன். விருந்துக்குப் போன வீட்டில் படுத்த பாயைச் சுருட்டி வைக்காமல் எழும்பக் கூடாது என்று வளர்ந்தவள் நான்.

அதன்பிறகு எங்கள் சொந்தக் காணியிலேயே தகரக் கொட்டில் போட்டுத் தந்தார்கள். அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல். பிறகு மாடிக் கட்டடம் வந்தது. வெளிநாட்டு உதவி, வாசலில் பளிங்குக் கல். தகரக் கொட்டில் பின்வளவில் சைக்கிள் விடவும் உடைந்த வாங்குகளைப் போடவும் நின்றது.

அந்தக் கட்டடத்தின் பெயின்ற் மணம் போகுமுன், வாவிக்கு மேற்கே ஷெல் விழுந்த படுவான்கரைச் சனம் ஆற்றைக் கடந்து வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து தோணியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். மாடுகளை வட்டை வயல்வெளியில் விட்டுவிட்டு, அறுவடை நெல்லை வீட்டில் விட்டுவிட்டு. தரப்பாள் கூடாரங்களாக முகாம்கள் எழும்பின. இரண்டு கிழமையில் எங்கள் பாடசாலை அதிபருக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது: இடம்பெயர்ந்த ஒரு பாடசாலைக்குப் பிற்பகலில் வகுப்பறை கொடுக்க வேண்டும்.

என் வகுப்பறை காலையில் என் தரம் ஐந்துக்கு. பிற்பகலில் அவர்களுடைய தரம் ஐந்துக்கு. இரண்டு வகுப்புக்கும் அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை.

அவர்கள் முதலில் வந்துபோன மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது என் வகுப்பு இருந்த விதத்தை இப்போதும் சொல்ல முடியும். மேசைகள் நான்கு நான்காக, ஒன்றையொன்று முகம் பார்த்துக் கிடந்தன. கதிரைகளில் பாதி சுவரோரம். பிள்ளைகள் படமாகக் கீறி ஒட்டிய வாவி மீன்களில் ஒரு மீனுக்கு வால் கிழிந்திருந்தது. கரும்பலகையின் கீழ் மூலையில் அழிக்காமல் விட்ட ஒரு கணக்கு. நான் பிள்ளைகளைக் கொண்டு மேசைகளை வரிசைக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாளும் அதே கோலம். அதற்கடுத்த நாளும். முதல் பாடவேளையில் பாதி மேசை இழுப்பதிலேயே போனது. நாங்கள் விருந்தாளியாக இருந்தபோது இப்படியா இருந்தோம் என்ற எண்ணம் எனக்குள் எழும்பிவிட்டது. அந்த எண்ணம் எனக்கு மட்டுமல்ல. ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். டஸ்டரைக் காணவில்லை, கதிரைக்கால் உடைந்தது, மலகூடத்தில் தண்ணீர் இல்லை.

அதிபர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், தன்னாமுனையில போய்ப் படிச்சிட்டு வந்தீங்களே, ஆய்வு. அத இதுக்குச் செய்யுங்களன்."

"இதென்ன சேர் ஆய்வுக்குரிய விசயமா?" என்றார் கணித ஆசிரியர். "ரெண்டு பெடியனப் பிடிச்சு மேசையத் தூக்கி வைக்கச் சொன்னா முடிஞ்சுது."

"இல்ல, செய்யலாம்" என்றேன் நான்.

எனக்கு அது ஒரு சரியான ஆய்வுப் பிரச்சினையாகவே பட்டது. இரண்டு கிழமை அவதானித்தேன். ஒவ்வொரு நாளும் மேசைகள் எப்படிக் கிடந்தன, எந்த மேசை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அவற்றை ஒழுங்காக்க எவ்வளவு நேரம், பாடம் எப்போது தொடங்கியது என்று எழுதினேன். படமும் வரைந்தேன். பிற்பகல் பாவனையால் காலை முதற் பாடவேளையில் ஏற்படும் நேர விரயத்தைக் குறைத்தல் என்று தலைப்பிட்டேன். முதல் கட்டமான பிரச்சினையை இனங்காணல் முடிந்ததும் அதிபரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதில்லை என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அடுத்த கட்டம் காரணம் தேடுவது. அதற்காக ஒருநாள் பாடசாலை விட்ட பிறகும் நின்றேன்.

பிற்பகல் பிள்ளைகள் முகாமிலிருந்து வரிசையாக நடந்து வந்தார்கள். முன்னால் அவர்களுடைய ஆசிரியை. முப்பது வயது மதிக்கலாம், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையில் கம்பி முறிந்த குடை. அவவும் அதே முகாமில்தான் தரப்பாளுக்குள் இருந்தா. என்னைக் கண்டதும் சிரித்தா.

"என்ன ரீச்சர், மேசையப் பாக்க வந்தீங்களா, எங்களப் பாக்க வந்தீங்களா?"

நான் பின்னால் ஒரு கதிரையில் அமர்ந்துகொண்டேன். பிள்ளைகள் பைகளை வைத்ததும் மேசைகளை நகர்த்தினார்கள். சத்தம் இல்லை. நான்கு பேர் நான்கு மூலையில் தூக்கினார்கள். ஒவ்வொரு நான்கு மேசைக்கும் நடுவில் ஆசிரியை ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு போனா. நான்கு பேருக்கு ஒரு புத்தகம். வீட்டை விட்டு ஓடி வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளின் புத்தகங்கள் அவை. இரண்டு பேர் நேராக வாசித்தார்கள். எதிரே இருந்த இரண்டு பேர் தலைகீழாக வாசித்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் ஆசிரியை, "கிறுகுங்க" என்றா. கிறுகு என்றால் எங்கள் பக்கத்தில் திரும்பு என்று அர்த்தம். எல்லோரும் எழும்பி ஒரு கதிரை தள்ளி இருந்தார்கள். தலைகீழாக வாசித்த பிள்ளைக்கு இப்போது எழுத்து நேரே வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி மட்டும் தலைகீழாக இருந்தபோதே நன்றாக வாசித்தாள். நேரே வந்ததும் தடுக்கினாள்.

பாடம் முடிந்ததும் ஒருவரும் மேசையைத் தொடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இவ்வளவு அவசரமா?" என்று கேட்டேன்.

"இருட்ட முந்தி முகாமில தலை எண்ணுவாங்க ரீச்சர். ஒரு தலை குறைஞ்சா அந்தத் தாய்க்காரியக் கூப்பிட்டு வச்சுக் கேள்வி. மறுகா அந்தப் பொம்புள எப்ப தரப்பாளுக்குத் திரும்பி வருவாளெண்டு தெரியா. நான் எங்க மேசைய அடுக்கிறது?"

மறுநாள் காலை நான் மேசைகளை வரிசையாக்கவில்லை. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கிடந்தபடியே இருக்கச் சொன்னேன். முதலில் கூச்சல், இரண்டு பேர் காலால் உதைத்துக்கொண்டார்கள். பிறகு வாசிப்புப் பாடத்தைத் தொடங்கினேன். எப்போதும் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து, நான் பார்க்கும்போது மட்டும் உதட்டை அசைக்கும் ஒரு பிள்ளை என்னிடம் இருந்தான். சாய்வதற்குச் சுவர் இல்லாததால் அன்று மற்ற மூவருக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டான். மூவரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் வாசித்தான். மோசமாக வாசித்தான், ஆனால் சத்தமாக. முதல் பாடவேளை முழுவதும் பாடமாகவே போனது. அந்தக் கிழமை முழுவதும் அப்படியே விட்டுப் பார்த்தேன். நேரத்தை விரயமாக்கியது அவர்கள் மேசையைக் குழப்பியதல்ல. நான் அதை நேராக்கியதுதான் என்பது வெளிச்சமாகத் தெரிந்தது. இதை எழுதிக்கொண்டு அதிபரிடம் போனேன்.

அவர் முதல் பகுதியை ஏற்கெனவே வலயத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்து பதிலும் வந்திருந்தது. பிற்பகல் பாடசாலை தகரக் கொட்டிலைப் பாவிக்கலாம். அடுத்த திங்கள் முதல்.

"சேர், அது முடியல்ல. அது முதல் கட்டம் மட்டும்தான்."

"முடிஞ்ச மட்டும் நல்லாத்தானே இருக்கு ரீச்சர்."

"காரணம் வேற சேர். நான் போய்ப் பாத்தன்."

அவர் பேனையை மூடி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பழைய கட்டடம் போன பிறகு ஓடுகளைக் கையால் பொறுக்கி அடுக்கியவர். "இந்தக் கட்டடம் எப்பிடி வந்ததெண்டு உங்களுக்குத் தெரியும். இன்னொருக்கா என்னால ஏலா. பெற்றாரும் வந்து நாளாந்தம் நிக்கிறாங்க. நீங்க எழுதினதவிட நல்ல ஆதாரம் எனக்கு எங்க கிடைக்கும்?"

சித்திரை போய்க் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. அந்தச் சுடுகாற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழே இருப்பது எப்படி என்று எங்கள் பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கொப்பியில் வேர்வை விழாமல் இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். பரீட்சைக்கு இன்னும் ஒரு தவணைகூட இல்லை.

பிற்பகல் ஆசிரியை தன் வெண்கட்டிப் பெட்டியை எடுக்க வந்தா. அதிபர் என் எழுத்தை அவவுக்குக் காட்டியிருந்தார்.

"வாசிச்சன் ரீச்சர். என்ட வகுப்ப இவ்வளவு கவனமா ஒரு ஆலோசகர்கூடப் பாத்ததில்ல. எந்த மேசை எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்ததெண்டு எழுதியிருக்கிறீங்க. டஸ்டர் எந்த யன்னல்ல இருந்ததெண்டு எழுதியிருக்கிறீங்க." பெட்டியை மூடினா. "இவ்வளவையும் எழுதுறதுக்கு முந்தி, ஏனெண்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

நான் காரணம் தேடும் கட்டம் பிறகுதான் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

எனக்குத் தோன்றிய ஒரே வழியைச் செய்தேன். என் வகுப்பு பாதிக்கப்படுகிறது என்பதுதானே முறைப்பாடு. என் வகுப்பே அந்த அறையில் இல்லாவிட்டால்? காலையில் தகரம் அவ்வளவு சுடாது. என் பிள்ளைகளை நான் கொட்டிலுக்குக் கூட்டிப் போனால், பிற்பகலில் அவர்கள் அறையிலேயே இருக்கலாம். திங்கட்கிழமை அப்படியே செய்தேன். செவ்வாய்க்கிழமை தாய்மார் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவ கடல் வந்த பிறகு என்னோடு முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றவ.

"ரீச்சர், எங்கட புள்ளையள் இதுக்குள்ள ஒரு வருசத்துக்கு மேல வெந்ததுகள் காணாதா? கட்டடம் கிடைச்ச பிறகும் இதுக்குள்ளயா?"

"காலையில சூடில்ல. வந்து இருந்து பாருங்க."

"சூடு கிடக்கட்டும். அந்தத் தகரத்தக் கண்டா எனக்குக் கடல் வந்த மாதிரி இருக்கு." மற்றத் தாய்மார் பக்கம் திரும்பினா. "சொல்லுங்ககா, நான் பொய்யா சொல்றன்?"

அதிபர் அன்றே என்னைத் திரும்ப வகுப்பறைக்குப் போகச் சொன்னார். பின்னேரங்களில் என் வகுப்பறை பூட்டிக் கிடந்தது. பின்வளவில் பிள்ளைகள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். கணித ஆசிரியர் ஒருநாள் ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்: "நான் சொன்னன்தானே ரீச்சர், பாத்து எழுதினா ஒருத்தருக்கும் கெடுதியில்ல. நீங்கதான் உண்மையா எழுதப் போனீங்க." அது பகிடிதான். ஆனால் சொல்லி முடித்த பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து ஆசிரிய ஆலோசகர் வந்தார். வலயத்தில் என் முதல் பகுதியை வாசித்திருக்கிறார். மாகாண மட்டத்துக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறார். அதிபரின் அறையில் மூவரும் இருந்தோம். சோடாப் போத்தல் உடைத்து வைத்திருந்தார்கள்.

"அருமையா இருக்கு. தலையீடு, அதான் நீங்க செய்து பாத்த மாற்றம், எங்க ரீச்சர்? மதிப்பீடு?"

"தலையீடு செய்ய வேண்டிய வகுப்பு பின்வளவில கிடக்கு சேர்" என்றேன்.

அதிபர் என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "ரெண்டு வகுப்பும் ஒரே அறையப் பாவிச்சாத்தான் ஆய்வு. இப்ப ஒரு வகுப்பத் தூக்கியாச்சு. முதல் பகுதியோட முடிச்சா வட்டம் முடியாது. நீங்கதானே வட்டமெண்டு கீறிக் காட்டினீங்க."

ஆலோசகர் அதிபர் பக்கம் திரும்பினார். "அது உண்மைதான் சேர். அரைகுறையா மாகாணத்துக்கு அனுப்ப ஏலாதே. பாடசாலையின்ட பேரும் வரும்."

அதிபர் நெடுநேரம் சோடாவைக் குடித்தார். "தரம் ஐந்து மட்டும்" என்றார் கடைசியில். "ஆய்வு முடியும் வரைக்கும். மற்ற வகுப்பெல்லாம் அங்கதான்."

பின்னேரம் பிற்பகல் ஆசிரியை வாசலில் வந்து நின்றா. நன்றி சொல்லவில்லை.

"முதல்ல நாங்க பிரச்சினை. இப்ப என்ன ரீச்சர், தீர்வா?"

"தலையீடு எண்டு எழுதியிருக்கிறன்."

"ஓம், எங்கட பக்கம் எல்லாரும் அதத்தானே செய்யிறாங்க" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தா. பிறகு உள்ளே வந்து, "மேசையத் தூக்குங்க புள்ளையள்" என்றா.

அதற்குப் பிறகு நடந்த சில கிழமைகளைப் பற்றி என் நாட்குறிப்பில் கொஞ்சம்தான் இருக்கிறது. நன்றாகப் போன நாட்களை நான் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன். என் வகுப்புப் புத்தகங்களைப் பிற்பகலுக்கு மேசையில் விட்டுச் சென்றேன். நான்கு பேருக்கு ஒன்று என்பது இருவருக்கு ஒன்றானது. அப்படியும் அவர்கள் கிறுகுவதை விடவில்லை, பழகிவிட்டது. மேசைகள் காலையிலும் மாலையிலும் நான்கு நான்காகவே கிடந்தன. கரும்பலகையின் கீழ் மூலையில் அவர்கள் ஒரு கணக்கை விட்டுச் செல்வார்கள். முதல் நாள் நான் குற்றமாக எழுதிய அதே மூலை. என் பிள்ளைகள் அதைச் செய்து, இன்னொன்றை எழுதி வைப்பார்கள். எங்களுடையது கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும் என்று காலை வகுப்பில் பெரிய ஆலோசனை நடக்கும். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஒருநாள் பிற்பகல் அவர்கள் வரவில்லை. நான் புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கணித ஆசிரியர் சைக்கிளில் வந்து யன்னலால் எட்டிப் பார்த்தார். முகாமில் காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்து, மதியத்துக்குள் பேருந்துகளில் ஏற்றிவிட்டார்களாம். மீள்குடியேற்றம். விரும்பியவர்களா, விரும்பாதவர்களா என்று யாரும் கேட்கவில்லை. கரும்பலகை மூலையில் என் பிள்ளைகள் எழுதிய கணக்கு விடை இல்லாமல் நின்றது. அதை யார் அழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அழிக்கவில்லை.

ஆய்வில் மதிப்பீடு என்ற தலைப்பின் கீழ், பிற்பகல் மாணவர்கள் இல்லாததால் செய்ய முடியவில்லை என்று எழுதினேன். அப்படி ஒரு ஆய்வை மேலே அனுப்ப முடியாது என்றார் ஆலோசகர். ஏதாவது எழுதுங்களன் என்றார் அதிபர். அட்டவணை ஒன்று ஏறுமுகமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார் கணித ஆசிரியர். இந்தமுறை அவர் பகிடியாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். நான் எழுதவில்லை. அந்த வருடம் வேறொரு பாடசாலையின் ஆய்வு மாகாணத்துக்குப் போனது. கையெழுத்தை நேராக்குவது பற்றி.

யுத்தம் முடிந்த வருடம் பாதைகள் திறந்தன. படுவான்கரையில் ஒரு செயலமர்வு. செயல்நிலை ஆய்வு பற்றி நானே பேச வேண்டும் என்றார்கள். மண்முனைத் துறையில் இயந்திரப் படகில் ஏறி வாவியைக் கடந்தேன். கொக்கட்டிச்சோலைக் கோவில் வீதியால் போய், வயலுக்குள் இறங்கும் கிரவல் பாதையில் அந்தப் பிற்பகல் ஆசிரியையின் பாடசாலையைக் கண்டுபிடித்தேன். கூரை புதிது. சுவர் பழையது, துளைகளைச் சீமெந்தால் அடைத்திருந்தார்கள். அவ வகுப்பில் இருந்தா. கொஞ்சம் மெலிந்திருந்தா.

"ஆய்வு ரீச்சர் வந்திட்டா" என்று பிள்ளைகளிடம் சொன்னா. "எல்லாரும் நிமிர்ந்து இருங்க, எழுதிப் போடுவா."

பிள்ளைகள் விளையாடப் போன பிறகுதான் கவனித்தேன். மேசைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. கயிறு பிடித்து வைத்தது போல.

"வரிசையா வச்சிருக்கிறீங்க" என்றேன்.

"புத்தகம் வந்திட்டு. இப்ப ஆளுக்கொண்டு."

அது போதுமான காரணம். முன்பென்றால் அதை எழுதிக்கொண்டு வந்திருப்பேன்.

"அதுக்காகவா?" என்று கேட்டேன்.

அவ டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தா; பலகை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"திரும்பி வந்து நாலு நாலாத்தான் வச்சன். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தானே இருந்திச்சு. அந்தத் தலைகீழா வாசிக்கிற புள்ளை ஞாபகமா உங்களுக்கு? வந்து ரெண்டாவது கிழமை மாடு தேடி வட்டைக்குள்ள போனவள். அங்க என்னவோ கிடந்து வெடிச்சிட்டு." டஸ்டரை யன்னலில் வைத்தா. "மத்த மூணு பேரும் அப்பிடியே இருந்தாங்க. நான் கதிரைய எடுக்கல்ல. எடுக்க மனம் வரல்ல. ஆனா கிறுகுங்க எண்டு சொன்னா, ஒரு புள்ளை அந்தக் கதிரைக்குப் போக வேணுமே. ஒருத்தரும் எழும்பல்ல ரீச்சர். வகுப்பு முழுக்க எழும்பல்ல. அண்டைக்கே எல்லாத்தையும் வரிசையாக்கிட்டன். வரிசையெண்டா பின்னுக்கு இருக்கிறவங்க ஒவ்வொராளா முன்னுக்கு வந்திருவாங்க. வெறுங்கதிரை கடைசிக்குப் போயிரும். மறுகா அது ஆருட கதிரையெண்டு தெரியா."

வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எனக்கு, சில பிள்ளைகள் வராமற்போன அந்த நாட்களில் வாவிக்கரைப் பாடசாலையில் நான் வரைந்த படம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு மேசையையும் அதன் ஓட்டுக்கு நேரே இழுத்து வைத்தேனே. அதை ஒழுக்கம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"பரீட்சை எழுதினாங்களா?"

"எழுதினாங்க. ஒரு புள்ளை சித்தியடைஞ்சிச்சு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தா. "உங்கட வகுப்பு இப்பவும் நாலு நாலா?"

"ஓம்."

"கதிரையெல்லாம் நிறைஞ்சிருக்கா அக்கா?"

"இந்த வருசம் நிறைஞ்சிருக்கு" என்றேன்.